தூக்கு வேண்டாம் என்பவர் வென்டிலேட்டரை எடுக்கச் சம்மதிக்கலாமா?

தமிழ்நாடு–கேரள எல்லையில், களியக்காவிளைப் பக்கத்திலிருந்து ஒரு அண்ணாச்சி கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். காதலனுக்குக் கஷாயத்தில் களைக்கொல்லி கலந்து கொடுத்த வழக்கில் ஒரு பெண்ணுக்கு நெய்யாற்றின்கரை கோர்ட் 2025 ஜனவரி 20 அன்று தூக்குத் தண்டனை விதித்தது. "பாறசாலைப் பையன் 11 நாள் துடித்துச் செத்தான். அவனுக்கு யாரும் அவகாசம் தரவில்லை. தண்டனை பெற்றவருக்கு மட்டும் அப்பீல், கருணை மனு, ஜெயில் டாக்டர் எல்லாம் வரிப்பணத்திலா? சரி, உயிர் பெரிது என்று தூக்கை எதிர்க்கிறீர்கள். அப்படியென்றால் ஐ.சி.யு.வில் கிடக்கும் அப்பாவுக்கு மெஷினை எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லும்போது மட்டும் உயிர் சின்னதாகிப் போகுமா?"

தூக்கு வேண்டாம் என்பதும், பலனில்லாத வென்டிலேட்டரை எடுக்கலாம் என்பதும் என்னைப் பொறுத்தவரை ஒரே நிலைப்பாடு. இரண்டிலும் நான் கேட்பது இவ்வளவுதான்: முடிவு யாருடையது, அந்த ஆளின் விருப்பம் என்ன, முடிவு தப்பாக இருந்தால் பிடிக்க வழி உண்டா.

முதலில் தூக்கு. கோர்ட் தூக்கு என்று சொன்னதும் கயிறு வந்துவிடாது. செஷன்ஸ் கோர்ட் குற்றவாளி என்று தீர்ப்புச் சொன்ன பிறகு, தண்டனை என்ன என்பதற்குத் தனியாக வாதம் கேட்க வேண்டும். தூக்கு என்றால் அதற்கான விசேஷக் காரணங்களை எழுத வேண்டும். 1980-ல் பச்சன் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்ன 'அரிதினும் அரிதான வழக்கு' என்ற அளவுகோல் இங்கேதான் வருகிறது. 2022-ல் மனோஜ் வழக்கில் இன்னொன்றும் சேர்ந்தது. ஆளின் மனநிலை மதிப்பீடு, ஜெயில் நடத்தை, வளர்ந்த சூழல் ஆகியவற்றை விசாரணைக் கோர்ட்டே வரவழைத்துப் பார்க்க வேண்டும். அதன் பிறகும் ஹைக்கோர்ட்டில் குறைந்தது 2 நீதிபதிகள் கையெழுத்திட்டு உறுதி செய்யாமல் அந்தத் தண்டனைக்கு உயிரில்லை. நெய்யாற்றின்கரைத் தீர்ப்புக்கும் இதே விதிதான். அப்புறம் சுப்ரீம் கோர்ட். மறுஆய்வு மனுவை 3 நீதிபதிகள் திறந்த கோர்ட்டில் கேட்க வேண்டும் என்பது 2014 முதல் விதி. கடைசியாக கவர்னர், ஜனாதிபதி. கருணை மனு தள்ளுபடியானதைத் தெரிவித்த பிறகும் 14 நாள் இடைவெளி வேண்டும் என்று 2014 ஜனவரியில் சத்ருகன் சவுகான் வழக்கில் சுப்ரீம் கோர்ட் விதித்தது. அந்த ஒரே தீர்ப்பில் 15 பேரின் தூக்கு ஆயுளாகக் குறைந்தது. கருணை மனுக்களை வருடக்கணக்கில் கிடப்பில் போட்டது முக்கியக் காரணம். சிலருக்கு மனநோய்.

"இத்தனை அவகாசமா" என்ற கோபம் புரிகிறது. ஆனால் இத்தனை படி இருந்தும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மகாராஷ்டிரத்தில் 2003-ல் நடந்த ஒரு கொலை வழக்கில் 6 பேருக்கு விசாரணைக் கோர்ட் தூக்கு விதித்தது. ஹைக்கோர்ட் 3 பேருக்கு மட்டும் உறுதி செய்தது. 2009-ல் சுப்ரீம் கோர்ட் 6 பேருக்கும் தூக்கு என்றது. 2019 மார்ச்சில் அதே சுப்ரீம் கோர்ட் 6 பேரும் நிரபராதிகள் என்று விடுவித்து, ஆளுக்கு 5 லட்சம் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. 16 வருடம் உள்ளே இருந்தார்கள். 2009-க்குப் பிறகு வேலை 'வேகமாக' முடிந்திருந்தால் அந்த 5 லட்சத்தை யார் கையில் கொடுப்பது? இன்னொரு வழக்கில் அப்படியே ஆனது. ராஜஸ்தானில் ரவ்ஜி என்பவரை 1996-ல் தூக்கிலிட்டார்கள். அவர் வழக்கில் தண்டனை முடிவு செய்த முறை சட்டத்துக்குப் பொருந்தாது என்று 2009-ல் சுப்ரீம் கோர்ட்டே சொன்னது. சொல்லும்போது அவர் செத்து 13 வருடம்.

எல்லைப் பக்கத்து ஆட்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வழக்கு, 2011 பிப்ரவரியில் எர்ணாகுளம்–ஷொர்ணூர் பாசஞ்சர் ரயிலில் ஒரு பெண் தாக்கப்பட்டு, பிறகு இறந்துபோன வழக்கு. குற்றவாளி தமிழ்நாட்டுக்காரன். திருச்சூர் கோர்ட் தூக்கு விதித்தது, கேரள ஹைக்கோர்ட் உறுதி செய்தது. 2016 செப்டம்பர் 15-ல் சுப்ரீம் கோர்ட் கொலைக் குற்றத்தை எடுத்துவிட்டு, பலாத்காரத்துக்கான ஆயுள் தண்டனையை அப்படியே வைத்தது. கேரளமே கொதித்தது. தீர்ப்பின் முடிச்சு போஸ்ட்மார்ட்டத்தில் இருந்தது. மரணத்துக்குக் காரணம் 2 காயங்களும், ரத்தம் மூச்சுக்குழாயில் இறங்கியதும் சேர்ந்து. முதல் காயம் அவன் அவள் தலையை மோதியதால். இரண்டாவது, அந்தப் பெண் ரயிலிலிருந்து விழுந்ததால். அவன்தான் தள்ளினான் என்பதற்குச் சந்தேகமற்ற சாட்சியம் இல்லை. அவள் மல்லாந்து கிடந்ததால்தான் ரத்தம் நுரையீரலுக்குள் இறங்கியது. அப்படிக் கிடத்தினால் சாவு வரும் என்று அவனுக்குத் தெரியும் எனவும் நிரூபிக்க முடியவில்லை. தீர்ப்பு சரியா தப்பா என்று இன்னும் வாதாடலாம். எனக்கே அதில் முழுத் திருப்தி இல்லை. ஆனால் ஒரு ஆளின் உயிர் இரண்டாவது காயம் எப்படி வந்தது என்ற ஒரு வரியில் தொங்கியது என்பதைக் கவனியுங்கள். செக்போஸ்ட்டுக்கு எந்தப் பக்கத்து ஆள் குற்றவாளி என்பதைப் பொறுத்து 'தூக்கில் போடு' என்ற சத்தம் எந்தப் பக்கம் கூடுகிறது என்பதையும்தான்.

பயம் வேண்டாமா என்பீர்கள். அதற்குப் பதில் நம் ஊர்ச் சரித்திரத்திலேயே இருக்கிறது. இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் திருவிதாங்கூரில் இருந்த காலம், 1944-ல் சமஸ்தானம் தூக்குத் தண்டனையை ஒழித்தது. 1951-ல் இந்தியத் தண்டனைச் சட்டம் இங்கேயும் விரிந்தபோது தூக்கு திரும்பி வந்தது. தூக்கு ஒழிப்பு விவாதங்களில் எடுத்துக்காட்டப்படும் திருவிதாங்கூர் கணக்கு இது: தூக்கு இல்லாத 1945–50-ல் 962 கொலை, தூக்கு திரும்பி வந்த காலமான 1950–55-ல் 967 கொலை. சின்ன இடத்துக் கணக்குதான், ஜனத்தொகையும் மாறியிருக்கும். ஆனாலும் கயிறு போனதால் கொலை பெருகியது என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

கஷாய வழக்கில் கயிற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது பாட்டில். அதில் கலந்த களைக்கொல்லியான பாராகுவாட்டுக்கு முறிமருந்து கிடையாது. முதலில் வாயும் தொண்டையும் வெந்துபோகும், பிறகு கிட்னி, கல்லீரல், கடைசியில் நுரையீரல் இறுகிக்கொண்டே போகும். ஆளுக்கு நினைவு தெளிவாக இருக்கும். மற்ற நோயாளிக்கு உடனே வைக்கிற ஆக்சிஜனைக்கூட இதில் யோசித்துத்தான் வைக்க வேண்டும், ஏனென்றால் கூடுதல் ஆக்சிஜன் நுரையீரலை இன்னும் கெடுக்கும். கேரள அரசு 2011-ல் தடை செய்த பூச்சிமருந்து, களைக்கொல்லிப் பட்டியலில் இது உண்டு. தமிழ்நாடு பிறகு தடை செய்த பட்டியலில் மோனோகுரோட்டோபாஸ் முதலானவை வந்தன, இது வரவில்லை. இரண்டு மாநிலக் கடைகளுக்கும் நடுவில் ஒரு ரோடுதான். இலங்கை 2008-க்கும் 2011-க்கும் நடுவில் பாராகுவாட்டோடு இன்னும் 2 மருந்துகளைப் படிப்படியாக நிறுத்தியது, விஷம் குடித்துச் சாகிறவர்கள் எண்ணிக்கை கண்கூடாக இறங்கியது. அங்கே 1976-க்குப் பிறகு யாரையும் தூக்கிலிட்டதும் இல்லை. உயிருக்கு மதிப்பு கொடுப்பது பற்றிப் பேசுகிற அரசு கடை அலமாரியிலிருந்து தொடங்கட்டும்.

'வரிப்பணத்தில் சோறு' என்பதை நீட்ட வேண்டியதில்லை. ஒரு கைதிக்கு ஆகும் செலவும், ஆஸ்பத்திரியில் உங்களுக்குக் கட்டில் இல்லாததும் ஒரே கல்லாவிலிருந்து வரவில்லை. அவரைத் தூக்கிலிட்டால் ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரியில் ஒரு ஐ.சி.யு. கட்டில்கூட அதிகமாகாது. ஜெயில் டாக்டரைப் பற்றிக் கேட்டதில் மட்டும் விஷயம் உண்டு. தூக்குக் கைதியின் உடல்நிலையும் மனநிலையும் தண்டனையை நிறைவேற்றத் தகுந்ததாக இருப்பதாக மருத்துவ அறிக்கை வந்தால்தான் ஜெயில் சூப்பிரண்டு மேலே போகலாம். அதாவது காய்ச்சல் வந்தால் குணப்படுத்தி, பிறகு தூக்கிலிட வேண்டும். உயிர் போனதா என்று பார்த்துச் சொல்வதும் டாக்டர்தான். வைத்தியத்தை இதைவிடக் கேவலப்படுத்த முடியாது என்பது என் கருத்து. கேரளத்தில் கடைசித் தூக்கு 1991-ல் கண்ணூரில், தமிழ்நாட்டில் 1995-ல் சேலத்தில். அதன் பிறகு இரண்டு மாநில டாக்டர்களும் இந்த வேலையிலிருந்து தப்பித்திருக்கிறார்கள்.

இனி உங்கள் அப்பா.

தூக்கில், வாழ விரும்புகிற, வாழக்கூடிய ஒரு ஆளை அரசு கொல்கிறது. வென்டிலேட்டரை எடுக்கும்போது யாரும் கொல்வதில்லை. நோய் ஏற்கெனவே கொண்டுபோய்க்கொண்டிருக்கிறது, மெஷின் அதை இழுத்தடிக்கிறது. ஊசி போட்டுச் சாகடிப்பது இந்தியாவில் குற்றம், இன்றைக்கும். மீள வாய்ப்பில்லாத நிலையில் உயிர்தாங்கும் சிகிச்சையை நிறுத்துவதை 2018 மார்ச் 9-ல் 5 நீதிபதிகள் அமர்வு அனுமதித்தது. அப்போது வைத்த நடைமுறை நடக்கவே முடியாத அளவுக்குக் கடினமாக இருந்ததால் 2023 ஜனவரி 24-ல் தளர்த்தினார்கள்.

இப்போது நடைமுறை இப்படி. சிகிச்சை பார்க்கும் டாக்டர், கூடவே அதே துறையில் குறைந்தது 5 வருட அனுபவமுள்ள 2 நிபுணர்கள் சேர்ந்து முதல் குழு. முடிந்தவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். குடும்பத்தார் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். அடுத்து இரண்டாம் குழு: மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒரு டாக்டரும், முதல் குழுவில் இல்லாத 2 நிபுணர்களும். அவர்களுக்கும் 48 மணி நேரம்தான். இரண்டு குழுவும் ஒத்துப்போனால், நிறுத்துவதற்கு முன் ஆஸ்பத்திரி மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் கொடுக்க வேண்டும். தகவல்தான், அனுமதி அல்ல. குழுக்கள் ஒத்துப்போகாவிட்டால் ஹைக்கோர்ட் இருக்கிறது. தூக்கில் நான் கேட்ட அதே சோதனைகள் இங்கேயும் இருக்கின்றன என்பதைப் பாருங்கள்: வேறு கண்கள், எழுத்து, மேல்முறையீடு. சொத்துத் தகராறு உள்ள வீட்டில் மகன் அவசரப்படுகிறானா என்று பிடிக்கத்தான் இந்த இரண்டாம் குழு. அதை வெறும் சடங்காக்கினால் இங்கேயும் அநியாயம் நடக்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

எங்கே கெடுகிறது என்றால், பெரும்பாலும் யாரும் இந்த வழியில் போவதே இல்லை. கையில் பணம் தீர்ந்ததும் 'எங்கள் பொறுப்பில் கூட்டிட்டுப் போறோம்' என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். ஆம்புலன்சில் ஒருவர் கையால் மூச்சு கொடுக்கும் பையை அமுக்கிக்கொண்டே வருவார். வீட்டு வாசலில் குழாயை உருவிவிட்டு வண்டி போகும். மூச்சுத் திணறலுக்கு மருந்து கிடையாது, பக்கத்தில் நர்ஸ் கிடையாது. முறையாக நிறுத்தும்போது, குழாயை எடுப்பதற்கு முன்பே மார்பினும் மயக்க மருந்தும் அளவாகக் கொடுத்து மூச்சுத் திணறல் தெரியாமல் செய்வார்கள், சளியை உறிஞ்சுவார்கள், மானிட்டர் அலாரத்தை அணைப்பார்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவிடுவார்கள். உயிர் சில நிமிடத்திலும் போகலாம், ஒரு நாள் தாண்டியும் இருக்கலாம். அதை முன்கூட்டியே டாக்டர் சொல்லாவிட்டால் 'இன்னும் மூச்சு இருக்கே, அவசரப்பட்டுட்டோமோ' என்று வீடு கலங்கும். இதையெல்லாம் கேட்டு வாங்குங்கள். ஸ்ட்ரோக் வந்து 3-ம் நாளில் யாராவது 'வேண்டாம், எடுத்துரலாம்' என்றால் மறுத்துவிடுங்கள். அந்த நேரத்தில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. மூளைச்சாவு என்பதும் வேறு சமாச்சாரம். 4 டாக்டர்கள் குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் 2 தடவை பரிசோதனை. அது உறுதியானால் ஆள் ஏற்கெனவே இறந்தாயிற்று.

வென்டிலேட்டர் வரை போகாத ஆயிரம் பேருக்கு உண்மையான கேள்வி வலி. இதில்தான் எல்லைக்கு அந்தப் பக்கம் நமக்கு முன்னால் நடந்தது. கேரளம் 2008-லேயே வலி நிவாரண சிகிச்சைக்கு அரசுக் கொள்கை கொண்டுவந்தது. பஞ்சாயத்து மூலம் நர்ஸ் வீட்டுக்கே வருவார். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் படுக்கை நோயாளிக்கு வீட்டுப் பராமரிப்பு உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெயரைப் பதியுங்கள், தானாக யாரும் தேடி வருவார்கள் என்று காத்திருக்காதீர்கள்.

புற்றுநோய் வலிக்கு மார்பின் மாத்திரை. விலை குறைவு, கிடைப்பதுதான் பாடு. 1985-ன் போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து ஆஸ்பத்திரிகள் வாங்கி வைப்பதையே விட்டுவிட்டன. 2014-ல் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரி ஒரே அனுமதியில் வைத்துக்கொள்ளலாம் என்றாக்கினார்கள். இன்னும் பல இடத்தில் 'ஸ்டாக் இல்லை' என்பார்கள். 'நீங்கள் அங்கீகாரம் வாங்கியிருக்கிறீர்களா' என்று நேராகக் கேளுங்கள். வாயால் விழுங்கும் சாதா மாத்திரை 4 மணி நேரமே வேலை செய்யும். அதனால் வலி வந்த பிறகு அல்ல, நேரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். பொதுவாக 5 முதல் 10 மில்லிகிராமில் தொடங்கி டாக்டர் ஏற்றுவார். ராத்திரி எழுப்ப வேண்டாமென்று படுக்கும்போது இரட்டை அளவு எழுதுவதுண்டு. மார்பின் எழுதும் நாளிலேயே மலமிளக்கியும் எழுதாவிட்டால் ஒரு வாரத்தில் மலச்சிக்கலே பெரிய வேதனையாகி, 'இந்த மருந்து ஆகாது' என்று வீட்டார் நிறுத்திவிடுவார்கள். வீடுகளில் மார்பின் நின்றுபோவதற்கு முக்கியமான காரணமே இதுதான். முதல் சில நாள் குமட்டலுக்கும் மருந்து வேண்டும். கிட்னி பழுதானவருக்கு அளவும் இடைவெளியும் மாறும், தூக்கம் அளவுக்கு மீறினால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். வலிக்குச் சரியான அளவில் கொடுத்தால் உயிர் போய்விடாது. அடிமையாகிவிடுவார் என்ற பயத்தை, 2 மாத ஆயுசுள்ளவருக்கு வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறோம்?

இனி, எல்லைக்காரர்கள் மட்டும் கவனிக்க வேண்டிய காகித வேலை. தமிழ்நாடு முதல்வர் காப்பீட்டில் வருட வருமானம் 1.2 லட்சத்துக்குள் இருக்கும் குடும்பத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. அந்த அட்டையை நீட்டினால் திருவனந்தபுரத்தில் எடுத்துக்கொள்வார்கள் என்று கிளம்பாதீர்கள். மத்திய அரசின் ஆயுஷ்மான் பட்டியலில் குடும்பம் இருந்தால்தான் மாநிலம் தாண்டிச் செல்லும், அதையும் அட்மிஷனுக்கு முன்பே காப்பீட்டு கவுண்டரில் கேட்டு உறுதி செய்யுங்கள். திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் ஆஸ்பத்திரியில் எழுதிய மார்பினை இந்தப் பக்கம் கொண்டுவரும்போது சீட்டு கூடவே இருக்கட்டும்.

உங்கள் அப்பாவுக்கு நினைவு தெளிவாக இருந்த காலத்தில் எழுதி வைத்திருந்தால் இன்று பாதிச் சுமை இருக்காது. நீங்களாவது உங்களுக்கு எழுதி வையுங்கள். 18 வயது முடிந்த, தெளிந்த மனமுள்ள யாரும் எழுதலாம். என்ன நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று புரியும்படி எழுத வேண்டும். 'மெஷின் வேண்டாம்' என்று மொட்டையாக எழுதினால் நிமோனியாவுக்கு 4 நாள் வைக்கும் வென்டிலேட்டரும் தடைப்படும். முடிவெடுக்க உங்கள் சார்பில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களின் பெயர் போடுங்கள். 2 சாட்சிகள், கூடியமட்டும் சொத்தில் பங்கில்லாதவர்கள். நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன் கையெழுத்து, மாஜிஸ்திரேட்டிடம் போகும் வேலை 2023 முதல் இல்லை. ஒரு பிரதி பஞ்சாயத்து அல்லது நகராட்சியில், ஒன்று குடும்ப டாக்டரிடம். எப்போது வேண்டுமானாலும் எழுத்தில் மாற்றலாம், ரத்து செய்யலாம். இது சுப்ரீம் கோர்ட் விதித்த முறை என்பதால் மார்த்தாண்டத்தில் எழுதியது திருவனந்தபுரத்திலும் செல்லும். ஆனால் இரண்டாம் குழுவும் மாஜிஸ்திரேட்டும் ஆஸ்பத்திரி இருக்கும் மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள்தான். அங்கே இரவு டூட்டி டாக்டருக்குத் தமிழ் படிக்க வராமல் போகலாம். கூடவே மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ ஒரு பிரதி எழுதி, அதிலும் அதே சாட்சிகளின் கையெழுத்தை வாங்கி ரேஷன் கார்டோடு வைத்துவிடுங்கள்.